வெள்ளெழுத்தை மறைத்த நான்கு மாதம்

நாற்பத்து மூன்று வயதில் நான் மறுபடியும் நர்ஸ் வேலைக்குப் போனபோது ஊரில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "வூட்ல இன்னா கஷ்டம்?" கஷ்டம் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் உத்திரமேரூரில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் மெட்ராஸில் வேலைக்குப் போய்விட்டான். சோற்றுக்குப் பஞ்சமில்லை. எனக்கு ஆசை, அவ்வளவுதான். அந்த வயதில் ஒரு பொம்பளைக்கு ஆசை என்று ஒன்று இருக்கும் என்பதை யாரும் நம்பத் தயாராக இல்லை. "கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல, எனக்கு இஷ்டம்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுப் போவேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் படித்து, இரண்டு வருஷம் பிரசவ வார்டில் வேலையும் பார்த்தவள் நான். கல்யாணம் ஆனதும் மாமியார் வேண்டாம் என்றார். நின்றுவிட்டேன். சர்ட்டிபிகேட் டிரங்குப் பெட்டியின் அடியில் இருபத்தோரு வருஷம் கிடந்தது. பட்டுப்புடவையை வெயிலில் காயப்போடும்போதெல்லாம் அதையும் எடுத்துக் காயப்போடுவேன். என்னத்துக்கு என்று யாராவது கேட்டால் பூச்சி அரிக்கும் என்பேன்.

பிறகு கிராமங்களில் பிரசவ நிலையம் திறந்தார்கள். படித்த பெண்கள் கிடைக்கவில்லை. வயதைத் தளர்த்தி எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். ஆபீசில் இருந்த குமாஸ்தா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "இந்த வயசுலயா?" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே அந்த வேலையை வாங்கியே தீருவது என்று வைராக்கியம் வந்துவிட்டது. கண் பரிசோதனைக்குச் சுவரில் ஓர் அட்டை மாட்டியிருந்தார்கள். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தேன். தூரத்தில் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஏரிக்கரையில் நிற்கும் மாடு யாருடையது என்று வாசலில் இருந்தே சொல்வேன். கைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் தெரியாது. அதைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளெழுத்து என்று அதற்குப் பெயர். வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அரிசியில் கல் கண்ணுக்குத் தெரியாமல் நான் விட்டுவிட, வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடினேன். "என் கண்ணாடியப் போட்டுக்கினு போயேன், இன்னா கொறஞ்சிடப் போவுது" என்று அவர் ஒருநாள் சொன்னபோது வள்ளென்று விழுந்தேன். இந்த வயசுலயா என்று கேட்டவர்கள் முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு போய் நிற்பதா? அதோடு, கண்ணாடி போட்ட பொம்பளையை எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் பார்த்ததில்லை. குருட்டு நர்ஸ் என்று பெயர் வைத்துவிட்டால் எவள் என்னைக் கூப்பிடுவாள்? முதல் ஆறு மாதம் வேலை தற்காலிகம்தான். மாதம் ஒருமுறை மேற்பார்வைக்கு வரும் டாக்டரம்மா நல்ல ரிப்போர்ட் எழுதினால்தான் நிரந்தரம். ஆறு மாதத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தேன். பிரசவப் பையில் என்னிடம் இரண்டு விதமான ஊசி மருந்து இருக்கும். ஒன்று, பிள்ளை பிறந்தபின் ரத்தப்போக்கை நிறுத்துவது. இன்னொன்று, நாடி விழுந்தால் தூக்கிவிடுவது. இரண்டும் சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பியில் வரும். மேலே எறும்பு ஊர்ந்தாற்போல் இங்கிலீஷில் பெயர். கம்பவுண்டர் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் எடுத்துக் கொடுப்பார். நான் ஓர் அலுமினிய டப்பாவில் நடுவே பஞ்சைத் திணித்து, ரத்தத்துக்கு இடது பக்கம், நாடிக்கு வலது பக்கம் என்று அடுக்கிக்கொள்வேன். எடுக்கும்போது படிக்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பேன். நாலு மாதத்தில் ஒன்பது பெண்களுக்கு இப்படித்தான் ஊசி போட்டேன். அத்தனை பேரும் நன்றாகவே எழுந்தார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறிக்கொண்டே போனது.

நாலாம் மாதக் கடைசியில், நல்ல மழைக்கு மறுநாள், காவாந்தண்டலம் போகும் வழியில் ஒரு காலனியில் இருந்து மாட்டுவண்டி வந்தது. தலைப்பிரசவம். வழியில் வாய்க்காலைத் தாண்டும்போது வண்டிச் சக்கரம் சேற்றில் இறங்கி, என் பை வண்டியின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குப் போய் விழுந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

உச்சிப்பொழுதுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது. தாய்க்கு இருபது வயது இருக்கும். ரத்தம் நிற்கவில்லை. கோரைப்பாய் நனைந்து மண்தரைக்கு இறங்கிவிட்டது. வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இன்னொரு கையால் டப்பாவைத் திறந்தேன். பஞ்சு ஒரு மூலையில் கிடந்தது. குப்பிகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

ஒன்றை எடுத்துக் கையை நீட்டிப் பார்த்தேன். இன்னும் நீட்டிப் பார்த்தேன். என் கைக்கு அதற்குமேல் நீளம் இல்லை. இரண்டில் ஒன்றுதானே, குத்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதை இன்றைக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது? நினைத்தேன்தான். அந்தப் பெண்ணின் உதடு சுண்ணாம்பாக வெளுத்துக்கொண்டிருந்தது.

அவள் மாமியாரின் கையைப் பிடித்து வயிற்றின்மேல் வைத்து, "இங்க அமுக்கித் தேச்சிக்கினே இரு. செத்தாலும் கைய எடுக்காத" என்று சொல்லிவிட்டு, ரத்தக் கையோடு வெளியே ஓடினேன். தெருவே வாசலில் நின்றது.

"இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் கீறீங்களா? எனக்குக் கண்ணு தெரியல" என்று கத்தினேன்.

அந்தக் காலனியில் தமிழ் எழுத்துத் தெரிந்தவர்களே இரண்டு மூன்று பேர்தான். அவர்களும் கழனியில் இருந்தார்கள். வேப்பமரத்தடியில் உத்திரமேரூர்க் கடைத்தெருவில் இருந்து துணி மூட்டை சுமந்து விற்க வருகிற பாய், புடவைகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எழுந்து வந்தார்.

"இங்கிலீஷு எனக்கும் வராதும்மா" என்றார். "கண்ணுதான் பேஜார்னா, இந்தா."

தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு பக்கம் காம்புக்குப் பதில் நூல் கட்டியிருந்தது. நூலைக் காதில் சுற்றிக்கொண்டு குப்பியைப் பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. கையில் இருந்தது நாடி மருந்து. அடுத்ததும் அதே. மூன்றாவதுதான் எனக்கு வேண்டியது.

ஊசி போட்டேன். சற்று நேரத்தில் வயிறு கையடியில் கல்லாக இறுகியது. ரத்தம் குறைந்தது, பிறகு நின்றது. அவள் தண்ணீர் கேட்டாள். கண்ணாடியில் என் ரத்த விரல் பதிந்திருந்தது. "கழுவிட்டுத் தரேன் பாய்" என்றேன். "அது கெடக்கட்டும், பொண்ணு எப்படி கீது?" என்று கேட்டுக்கொண்டே வாங்கித் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

நான் வீடு திரும்புவதற்குள் சேதி திரும்பிவிட்டது. நர்ஸம்மாவுக்குக் கண்ணு தெரியாதாம். வீட்டுக்காரர் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் அழைத்துப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். அந்த மனுஷர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரமே டாக்டரம்மா வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தைரியமாகத்தான் சொன்னேன். வெட்கத்தை விட்டுத் தெருவில் நின்று கேட்டு ஓர் உயிரைக் காப்பாற்றியவள் என்கிற திமிர் உள்ளுக்குள் இருந்தது. மெச்சுவார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"அன்னிக்கு நீங்க செஞ்சதுல எனக்குக் குறை இல்ல" என்றார். "அதுக்கு முன்னாடி எத்தன பேருக்கு ஊசி போட்டீங்க?"

"ஒம்போது பேருக்கு டாக்டரம்மா."

"அதுல எத்தனைய படிச்சுப் பாத்துப் போட்டீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். "ஒண்ணுகூட இல்ல."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அந்த ஒம்போது பேரையும் நேர்ல போய்ப் பாருங்க. எப்படி இருக்காங்கன்னு எனக்கு வந்து சொல்லுங்க. படிக்காம போட்டேன்னு அவங்ககிட்டயும் சொல்லுங்க. அதுக்கு அப்புறம் ரிப்போர்ட் எழுதறேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தச் சின்னப் பெண் என்னைத் தெருத்தெருவாகத் தலைகுனிய வைக்கிறாளே என்று நினைத்தேன். வேலையே வேண்டாம் என்று விட்டெறிந்துவிடலாமா என்றும் இருந்தது. ராத்திரி முழுக்கப் புரண்டேன். ஒன்பது முகமும் ஒவ்வொன்றாக வந்தது. காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

எட்டு பேர் நன்றாக இருந்தார்கள். நான் சொன்னதை ஒருத்தி நாற்று நட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "அதான் நல்லாக்கீறனே, வுடுங்கம்மா" என்றாள். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தியின் மாமியார் மட்டும், "இந்த கிராக்கிக்கி எங்க ஊரு மருத்துவச்சியே மேலு" என்றாள். அவள் சொன்னது எனக்கு உறைத்தது. மற்றவர்கள் கோபப்படாததுதான் அதைவிட உறைத்தது. தங்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

ஒன்பதாவது பெண் வீட்டில் இல்லை. "ஒடம்பு சரியில்லன்னு தாய் வூட்டுக்குப் போயிட்டா" என்றார்கள். என்ன உடம்புக்கு என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாய் வீடு திருமுக்கூடல் பக்கம். பஸ்ஸில் போய், அங்கிருந்து ஆற்று ஓரமாகவே நடந்தேன். வழி முழுக்க அவளுக்கு ஊசி போட்ட நாளை நினைத்து நினைத்துப் பார்த்தேன். டப்பாவில் எந்தப் பக்கத்தில் இருந்து எடுத்தேன்? இடது பக்கம்தானா? அன்றைக்கு யாராவது என் பையைத் தொட்டார்களா? ஆண்டவரே, அவளை நல்லபடியாகக் காட்டும் என்று வாய்விட்டே ஜெபித்துக்கொண்டு போனேன்.

அவள் வேர்க்கடலைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். மரக்கிளையில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டிருந்தாள். "இன்னாம்மா, இவ்ளோ தூரம்?" என்று நிமிர்ந்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். "ஒடம்புக்கு இன்னா, கல்லாட்டம் கீறேன். மாமியாகாரிகிட்ட சண்ட போட்டுக்கினு வந்தேன். அத்தப் போய் ஊர்ல சொல்லிக்குவாங்களா?" என்றாள்.

வரப்பில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவள் மண்கையோடு வந்து பக்கத்தில் குந்தினாள். அவளிடமும் சொன்னேன். மற்றவர்களைப் போல இவள் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து போய் ஏணையில் இருந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் உங்கள நம்பித்தானம்மா கைய நீட்டனேன்" என்றாள்.

போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

டாக்டரம்மாவிடம் போய் ஒன்பதையும் சொன்னேன், ஒன்பதாவது பெண் சொன்னது உட்பட. டாக்டரம்மா கேட்டுக்கொண்டு ரிப்போர்ட் எழுதினார். ஆறு மாதம் முடிந்ததும் வேலை நிரந்தரமானது. அதற்காக ஏங்கியவள் நான். உத்தரவு கைக்கு வந்த அன்று, நான் நினைத்திருந்த அளவுக்குச் சந்தோஷம் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஒன்பதாவது பெண்ணிடம் இருந்து ஆள் வந்தது. மாமியாரோடு ராசியாகிப் புருஷன் வீட்டுக்கே வந்துவிட்டிருந்தாள். இரண்டாவது பிரசவம். நர்ஸம்மாதான் வேண்டும் என்கிறாள் என்றார்கள். என்னால் நம்ப முடியவில்லை. பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஊசி போட டப்பாவைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு அது நல்ல பிடி.

"அதுல இன்னா எழுதிக்கீது, படிங்க."

"உனக்கு இங்கிலீஷ் புரியாதேம்மா."

"எனக்குப் புரிய வாணாம். நீங்க படிக்கிறது என் காதுல வுழணும். சத்தமாப் படிங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தேன். கடைசி எழுத்து வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் அவள் கையை விட்டாள்.