திருகு இல்லாத குழாய்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், ஓட்டல் ஒன்றில் எங்கள் மதுரை பஸ் சாப்பாட்டுக்கு நிற்கிறது. கை கழுவுமிடத்தில் சென்சார் குழாய். கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் விழணுமாம். விழவில்லை. இரண்டு கையிலும் சோப்பு நுரை. வெளியே ஹார்ன் கேட்கிறது. பை பஸ்ஸுக்குள் கிடக்கிறது, என்னை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுமோ?

“ஏம்மா, தண்ணி வரல!”

இலை எடுக்கும் அம்மா வருகிறார். “நேத்து ஆயுத பூசைல்லா அண்ணாச்சி. எல்லா மிஷினுக்கும் பொட்டு வச்சேன். இதுக்குக் கண்ணுலயே வச்சுட்டேன் போல.”

முந்தானையால் சந்தனத்தைத் துடைக்கிறார். தண்ணீர் கொட்டுகிறது. கழுவியும் கழுவாமலும் ஓடப் பார்க்கிறேன்.

“எங்க ஓடுதிய? ஹார்ன் அடிக்கது வேற பஸ்ஸு.” பக்கத்துக் குழாயில் நுரைக் கையோடு நிற்கிறார் எங்கள் டிரைவர். “யக்கா, இந்தப் பொட்டையும் செத்த துடைங்க.”