வெள்ளைக்காரம்மா கையிலிருந்த டம்ளர்

எனக்கு ஐந்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் பேச வராது. மைன்ஸ் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக் மீட்டிங் என்றால் முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா அப்படியில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி. பால் பூத்தில் அவள் வாயைத் திறந்தால் வரிசை நகராது. நகரவில்லை என்று யாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள். எனக்கு மட்டும் வயிறு எரியும்.

மைன்ஸில் நிலக்கரி தோண்டுகிற பெரிய மெஷினைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். கூட அவர் சம்சாரமும். அந்தம்மாவுக்கு இங்கே குடும்பம் நடத்துகிற ஒரு வீட்டைப் பார்க்கணுமாம். எங்கள் பிளாக்குக்கு அந்த வாய்ப்பு வந்தது. எந்த வீடு என்று முடிவு பண்ணக் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் எல்லோரையும் பூங்காவுக்குக் கூப்பிட்டார்.

அந்தம்மா என் வீட்டுக்கு வரணும் என்று எனக்கு ஆசை. அப்போதுதான் வெள்ளை அடித்திருந்தோம். பின்பக்கம் பலாமரம், அடியிலிருந்து காய்த்துத் தொங்கும். இன்னொன்றும் மனசில் இருந்தது. அந்த மெஷின் தோண்டுகிற இடத்தில்தான் என் மாமனாருடைய முந்திரிக் கொல்லை இருந்தது. மைன்ஸுக்கு எடுத்துக்கொண்ட அந்தக் கொல்லைக்குப் பதிலாகத்தான் என் வீட்டுக்காரருக்குப் பர்மனென்ட் வேலை. மெஷின்காரர் சம்சாரம் நம் வீட்டுக்கு வருவதுதானே முறை?

பூங்காவில் ஒரே சத்தம்.

"கம்ப்யூட்டர் இருக்கிற வூடா பாருங்க. இன்னும் நம்மளப் பாம்பாட்டின்னு நெனச்சிகினு இருக்காங்க" என்றார் ஒருத்தர்.

"கம்ப்யூட்டர் அவங்க ஊர்ல இல்லியா? அதப் பாக்கவா ஏரோப்ளேன் ஏறி வராங்க? கோலம், குத்துவிளக்குன்னு காட்டுங்க" என்றார் எங்கள் பிளாக்கில் இருக்கிற பாய்.

எங்கள் பிளாக்கில் ஒரு நர்ஸம்மா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர். சட்டென்று எழுந்தார். "குத்துவிளக்கு இருந்தாத்தான் இந்தியாவா? பாய் வூட்லயும் இல்ல, என் வூட்லயும் இல்ல. அப்ப நாங்க ரெண்டு பேரும் எந்த ஊரு?"

"காப்பி ஒரு வூடு, டிபன் ஒரு வூடு, கை கழுவ ஒரு வூடுன்னு வெச்சிக்கலாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் என் வீட்டுக்காரரை இடித்தேன். "நம்ம வூட்டச் சொல்லுங்களேன்."

நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர், பாதித் தூக்கத்தில் இருந்தார். "நீயே சொல்லேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

எழுந்துகொள்ளலாம் என்று கையை ஊன்றினேன். அதற்குள் எதிர்வீட்டம்மா எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க, எங்கூட்டுக்கே கூட்டிட்டு வாங்க. பையனோட கம்ப்யூட்டர் இருக்குது, குத்துவிளக்கும் இருக்குது. நர்ஸம்மா கேக் செஞ்சு குடுக்கட்டும், பாயம்மா சேமியா செய்யட்டும். எல்லாம் ஒரே மேசையில வெச்சுப்போடலாம்."

கைதட்டினார்கள். பாயும் தட்டினார், நர்ஸம்மாவும் தட்டினார். நான் ஊன்றிய கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே என் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, வடை உங்க கைக்கு வர்ற மாதிரி எனக்கு வராதுங்க. நீங்கதான் சுட்டுத் தரோணும். அப்படியே டம்ளரும் தட்டும் வேணுங்க்கா." என்னால் முடியாது என்று சொல்லவும் வாய் வேண்டுமே.

எங்கள் பிளாக்கில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் பாத்திரம் எல்லா வீட்டிலிருந்தும் போகும். அதற்காகவே எல்லோரும் பேர் வெட்டி வைத்திருப்போம். முடிந்ததும் பேரைப் பார்த்துப் பிரித்து அவரவர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். காலியாகக் கொடுக்கிற வழக்கமும் இல்லை. நான் கொடுத்ததில் ஒரு டம்ளர் என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் வைத்த சீர். கனமான எவர்சில்வர். பேரும் பெரிய எழுத்தாக வெட்டியிருக்கும்.

வெள்ளைக்காரம்மா வந்தாள், சாப்பிட்டாள், போட்டோ எடுத்தார்கள். நான் எதிர்வீட்டு அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தபோது அவள் முதுகுதான் தெரிந்தது. என் வடையைத் தின்றுவிட்டு ஏதோ சொன்னாள். எதிர்வீட்டம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

மறுநாள் தட்டுகள் வந்தன, வாழைப்பழம் வைத்து. அந்த டம்ளர் மட்டும் வரவில்லை. கேட்கலாம் என்று போனேன். ஷோகேஸில், பொம்மைகளுக்கு நடுவில் நிற்கிறது!

"வெள்ளைக்காரம்மா காப்பி குடிச்ச டம்ளருங்க்கா. நாலு நாள் இருக்கட்டும்" என்றாள். அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அப்புறம் போகும்போதெல்லாம் அந்த டம்ளரைத்தான் பார்ப்பேன். அவள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதைக் காட்டிக் காட்டிச் சொல்லுவாள். நாலு நாள் என்றது மாதங்களாக ஓடியது.

அடுத்த குடியரசு தினத்துக்குப் பந்தல் போட்டு, நம் நாட்டைப் பற்றி வெளியார் நினைப்பு மாறியிருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று கூட்டம் வைத்தார்கள். மேடைப் பக்கத்தில் அந்த போட்டோவைக் கதவளவுக்குப் பெரிசு பண்ணி நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் கம்ப்யூட்டர், ஒரு பக்கம் குத்துவிளக்கு, நடுவில் வெள்ளைக்காரம்மாவும் எதிர்வீட்டம்மாவும். வெள்ளைக்காரம்மா கையில் என் டம்ளர். வெட்டிய பேரில் பாதி தெரிந்தது. மீதிப் பாதி அவள் விரலுக்குப் பின்னால்.

ஒரு வாத்தியார், உலகம் நம்மைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது, இந்தப் படமே சாட்சி என்றார். குவார்ட்டர்ஸுக்கு வெளியே மந்தாரக்குப்பத்திலிருந்து வந்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி மைக்கை வாங்கினார். "படம் நல்லாத்தான் இருக்குதுங்க. இதுல நான் எங்க இருக்கேன்? என் வூட்டுக்கு யாரு வந்து போட்டோ புடிச்சாங்க?"

நான் டம்ளரை நன்றாகப் பார்க்கலாம் என்று பாதி எழுந்தேன். மைக் கொண்டு வந்த பெண் நான் பேசத்தான் எழுந்தேன் என்று நினைத்து வாய்க்கு நேரே நீட்டிவிட்டாள்.

"சொல்லுங்கம்மா."

மாமனார் கொல்லை, பலாமரம் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது இவ்வளவுதான்.

"அந்த டம்ளர் என்னுது."

பந்தலே சிரித்தது. ஆனாலும் நான் உட்காரவில்லை. "எங்கம்மா வூட்டு சீரு. பேரு வெட்டியிருக்கு பாருங்க" என்றேன்.

முன்வரிசையில் எதிர்வீட்டம்மா எழுந்தாள். மைக் அவள் கைக்குத் தானாகப் போனது. "அக்கா சொல்றது நெசமுங்க. டம்ளர் அக்காவுது, வடை அக்கா சுட்டது, கேக் நர்ஸம்மாவுது, சேமியா பாயம்மாவுது. என்னுதுன்னு பாத்தா அந்த மேசை மட்டுந்தானுங்க. அதுதானுங்க நம்ம நாடு!"

அப்படியொரு கைதட்டல். வாத்தியார் எழுந்து நின்று தட்டினார். என்னுடையது என்று சொன்னது நான். கைதட்டு அவளுக்கு.

திரும்பி நடக்கும்போது என் வீட்டுக்காரர், "பரவால்லியே, மைக்குலயே பேசிட்ட" என்றார்.

மறுநாள் காலையில் டம்ளர் நிறையப் பாயசத்தோடு வந்தாள். பாயசமும் நன்றாகத்தான் இருந்தது, அதிலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. டம்ளரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி அலமாரிக்குள் வைத்தேன்.

அவள் ஷோகேஸில் அந்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. வருகிறவர்கள், இங்கே ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். உடனே அவள் பூங்காவிலிருந்து ஆரம்பித்து, நான் மைக்கில் பேசியதுவரைக்கும் சொல்கிறாள், என் குரலிலேயே, என்னைப் போலவே பாதி எழுந்து நின்று. எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஒருதரம் சிரிப்பு வந்துவிட்டது. என் கதையையும் அவள் என்னைவிட நன்றாகச் சொல்கிறாள்.