பட்டுக் குடையும் என் கட்டைவிரல் நகமும்

அந்த நாளில் என் வலது கட்டைவிரல் நகத்தை நான் ஒட்ட வெட்டுவதில்லை. தையல்காரனுக்கு அது ஒரு கருவி. துணியை மடித்து நகத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் போதும், இஸ்திரிப் பெட்டியே வேண்டாம், மடிப்பு அப்படியே நிற்கும். மயிலாப்பூரில் என் கடைக்கு வந்தவர்கள் அந்த மடிப்பைத்தான் புகழ்வார்கள். புகழ்ச்சி எனக்குச் சீக்கிரம் தலைக்கேறும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், புகை நிரப்பிய பலூனில் மேலே போய்ப் பாரசூட்டில் குதித்துக் காட்டும் ஒருவர் ஊருக்கு வந்தார். தெலுங்கு நாட்டுக்காரர். அடையாற்றுப் பக்கம் ஒரு திடலில் சனிக்கிழமைதோறும் குதிப்பார். பாரசூட் முழுக்கப் பட்டு. அவர் அதைக் குடை என்றுதான் சொல்வார். ஓரம் பிரிந்ததைத் தைக்க என்னிடம் வந்தவர், வாராவாரம் அதை மடித்துக் கான்வாஸ் பையில் வைக்கும் வேலையையும் எனக்கே கொடுத்தார். என் கடையில் தைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் தம்பியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

மாம்பலத்தில் அப்போது புதுத் தெருக்கள் போட்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. யாரும் குடிவராத ஒரு வீட்டின் கூடத்தை, குடை மடிக்கவென்று அவர் வாடகைக்குப் பிடித்திருந்தார். சிமெண்டுத் தரையில் வெளுத்த துப்பட்டியை விரித்து, அதன்மேல்தான் குடையைப் பரப்ப வேண்டும். மோதிரம், பொத்தான் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. நெற்றியில் துண்டு கட்ட வேண்டும். பட்டுக்கு வியர்வை விஷம், பட்ட இடம் மெல்ல மெல்ல இற்றுப்போகும் என்றார். இன்னொன்றும் சொன்னார்: "மடிப்பு தொளதொளன்னு இர்க்கணும், டைலர். நகம் படக்கூடாது. போன வாரம் மடிச்ச எடத்துல இந்த வாரம் மடிக்காத."

தலையை ஆட்டினேன். மனதுக்குள், துணியைப் பற்றி எனக்கு இவர் பாடம் எடுக்கிறாரா என்று சிரித்தேன்.

என் மைத்துனனுக்கு உள்ளங்கை எப்போதும் ஈரமாகவே இருக்கும். அதனாலேயே அவன் பயந்து பயந்து வேலை செய்தான். மல் துணியில் கையுறை தைத்துக்கொண்டான். அரை மணிக்கு ஒரு தரம் கழற்றி, கையைக் கழுவித் துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடி தடவி, வேறு உறை மாட்டுவான். எனக்கோ கை காய்ந்த கை. உறையெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன். தளர்வாக மடித்தால் பை மூடுவதற்குள் உயிர் போகிறது. அவன் உறை மாற்றப் போகும்போதெல்லாம், கடையில் செய்வதுபோல, மடிப்புக்கு மடிப்பு நகத்தால் ஓர் இழுப்பு இழுத்து வைத்தேன். பழைய தடத்திலேயே மடித்தால் வேலை இன்னும் சுலபம். பை அழகாக மூடிக்கொண்டது. இதில் பெருமை வேறு எனக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் திடீரென்று நிமிர்ந்தான்.

"மச்சான், மூக்குலேர்ந்து ஒரு சொட்டு வியுந்துடுச்சி."

"காஞ்சிடும். மடி."

"அதெப்டி மச்சான்? ஒரு மனுசன் இதுல தொங்கினு வராரு."

அவனே போய் அவரிடம் சொல்லிவிட்டான். அந்த வாரக் காட்சி நின்றது. குடையை இரண்டு நாள் நிழலில் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். ஒரு காசளவு மஞ்சள் கறை மட்டும் தங்கிவிட்டது.

அதற்கு மூன்றாவது சனிக்கிழமை குடை வானத்திலேயே கிழிந்தது. திடலில் நின்று அண்ணாந்து பார்த்த கூட்டம் 'ஐயோ' என்று ஒரே குரலாகக் கத்தியது. நல்லவேளை, ஆற்று முகத்துவாரத்து மணலில் விழுந்தார். உயிர் பிழைத்தது, வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. குப்பத்து மீனவர்கள் கயிற்றுக் கட்டிலில் அவரைத் தூக்கிவந்தார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே குடையை விரிக்கச் சொன்னார்.

விரித்தோம். நூல் பிடித்தாற்போல நேராக மூன்று கிழிசல்கள், மடிப்பின் அகலத்துக்கே இடைவெளி விட்டு. அதில் ஒன்று அந்தக் கறைக்குப் பக்கத்தில் போயிருந்தது. அவர் கண்ணுக்கு அந்த ஒன்றுதான் பட்டது.

"வேர்வை பட்ட எடம்தானே நைனா இது?" என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

வியர்வை நேர்கோடு போடாது. இது என் நகம். சொல்ல வாய் திறந்திருந்தால் இரண்டே வார்த்தைதான். என் கடை, என் பெயர், போலீஸ் என்று என்னென்னவோ கண்முன் ஓடியது. குனிந்து குடையின் ஓரத்தை நீவிவிட்டேன்.

என் மைத்துனன்தான் பேசினான். "என் கைதான் சார். என் வேர்வைதான்."

அவர் அவனைத் திட்டக்கூட இல்லை. "போ நைனா. இந்தக் கையால இனிமே பட்டைத் தொடாத" என்று மட்டும் சொன்னார்.

அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். பட்டை மட்டுமல்ல, ஊசியையே விட்டுவிட்டான். மாம்பலத்தில் வீடு கட்டும் இடங்களில் சுண்ணாம்பு குழைக்கப் போனான். கை வெடித்து ரத்தம் கசியும். ஏன் வேலையை விட்டான் என்று என் மனைவி கேட்டபோது, அவனுக்குப் பொறுமை இல்லை என்றேன். வேறெதையும் அவளிடம் சொல்லவில்லை. குடை கிழிந்த அன்றிரவே நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன், அதனால் யாருக்கு என்ன லாபம்?

பல வருஷம் கழித்து ஒரு நோன்புப் பெருநாளன்று எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். என் மனைவி அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"மச்சான், அந்த மனுசன் காலை நான் ஒடிச்சத நீ அக்காகிட்ட கூட சொல்லல. வேற ஆளா இருந்தா ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சிருப்பான். நான் அஞ்சு வேளை தொயும்போதெல்லாம் ஒனக்கும் சேத்து துவா கேக்குறேன்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப? சாப்பிடு" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தான். ஒன்பது வருஷமும் அந்த துவாவை நான் வாங்கிக்கொண்டேன்.