பதினோராம் திரையில் நான்

துடைப்பத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, மேல விளக்கு வேற போட்டிருந்தாங்க. எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடி நிக்குதே, அச்சு அசல் அதே துடைப்பம். பக்கத்துல ஒரு தொட்டில். அதுக்கும் பக்கத்துல எந்த நாட்டுக்காரரோ போட்டுத் தேஞ்ச செருப்பு.

"இதைப் பாக்கவா நம்மள வரச் சொன்னாங்க?"ன்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்தாத்தானே! முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவர். எங்க எழுத்தைக் கண்டாலும் அவருக்குச் சத்தமா வாசிச்சாகணும். பெட்டிக்குப் பெட்டி நின்னு வாசிச்சுக்கிட்டே வந்தார்.

அது யுனிவர்சிட்டி மியூசியம். உலகத்துல எந்தெந்த ஜனங்க எப்படிச் சமைக்கிறாங்க, எதுல தூங்குறாங்க, எதை உடுத்துறாங்கன்னு காட்டுற இடம். எங்களைக் கூப்பிட்டதுக்குக் காரணம் நான்தான். நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பாக்கிறவ. போன வருஷம் ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒருத்தி கேமராவோட அங்க வந்தா. படுக்கை விரிப்பை நாங்க துவைக்கிறது, உலர்த்துறது, ரெண்டு பேரா நின்னு மடிக்கிறது எல்லாத்தையும் எடுத்தா. அப்புறம் வீட்டுக்கும் வந்து மூணு நாள் கூடவே இருந்தா. "உங்க ஒரு நாள் எப்படிப் போகுதும்மா?"ன்னு கேட்டா. நம்மகிட்ட யாரு இதையெல்லாம் கேட்டிருக்கா? மடை திறந்த மாதிரி பேசித் தள்ளிட்டேன். என்ன பேசினேன்னு யாருக்கு ஞாபகம்?

கடைசி ஹாலுக்குள்ள போனா, இருபது திரை. ஒவ்வொண்ணுலயும் ஒரு நாட்டு ஆளு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெட்போன். பதினோராவதுல ஒரு அம்மா ஆளுயரத்துக்கு நின்னு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கிட்டு இருந்தா. யாரு இந்தக் குண்டம்மான்னு பாத்தேன். அட, நான்தான்! அந்தத் திரைக்கு முன்னாடி ஒரு பையனும் பொண்ணும் ஆளுக்கொரு காதுல ஹெட்போனை வச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. விரிப்பு மடிக்கிறதுல என்ன சிரிப்பு? எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.

அந்த ஆராய்ச்சிப் பொண்ணு ஓடி வந்தா. "அம்மா, உங்க திரைக்குத்தான் கூட்டமே! அந்த டீ விஷயத்துக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க."

எந்த டீன்னு கேக்க வாயைத் திறந்தேன். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

ரிட்டயர் ஆனதுலேர்ந்து எங்க வீட்டுக்காரர் காலையில அஞ்சு மணிக்கு எனக்கு டீ போட்டுத் தருவார். வீட்டு வேலையில அவர் தொடுறது அது ஒண்ணுதான். அது டீயா? கொதி கொதின்னு கொதிக்கவிட்டுக் கஷாயமாக்கி, அதுல சர்க்கரையை அள்ளிக் கொட்டுவார். முதல் நாள், பாவமேன்னு "நல்லா இருக்கு"ன்னு சொல்லித் தொலைச்சேன். வசமா மாட்டிக்கிட்டேன். அவர் பேப்பர் வாங்கப் போற பத்து நிமிஷத்துல அதை சிங்க்குல ஊத்திட்டு, நானே ஒண்ணு போட்டுக் குடிப்பேன். ரெண்டு வருஷமா இதே கூத்து. இதை அந்தப் பொண்ணுகிட்ட உளறினதோட நில்லாம, ஊத்தியும் காட்டியிருக்கேன். என் வாயைத் தைக்கணும்!

திரும்பிப் பாத்தா, அந்த ஜோடிக்குப் பின்னாடி எங்க வீட்டுக்காரர் நல்ல பிள்ளையா வரிசையில நிக்கிறார்.

"ஏங்க, அந்தப் பக்கம் ஒரு பெரிய படகு இருக்காம், வாங்க."

"இரு, நீ பேசுறதைக் கேட்டுட்டு வரேன்."

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. திரைக்குப் பின்னாடி போய் ஒரு வயரைப் பிடுங்கினேன். அணைஞ்சது பத்தாம் திரை. வலை பின்னிக்கிட்டு இருந்த எவரோ ஒரு பெரியவர் பொசுக்குன்னு காணாமப் போனார். காவலாளி ஓடி வந்து, "என்னம்மா பண்றீங்க?"ன்னு கேட்டார். வயரை அவர் கையில குடுத்துட்டுத் திரும்பினேன்.

அதுக்குள்ள இவர் ஹெட்போனை மாட்டியாச்சு. "அடேங்கப்பா, என்னமா பேசுற!"ன்னு அவர் போட்ட சத்தத்துல ஹாலே திரும்பிப் பாத்துச்சு. திரையில நான் வாயை அசைக்கிறேன், எனக்கு ஒண்ணும் கேக்கல. தம்ளரைச் சாய்க்கிறது மட்டும் தெரிஞ்சுது. அவர் சிரிக்கல. ஹெட்போனை மெதுவாக் கழட்டி வச்சுட்டு, ஓரமா இருந்த பெஞ்சுல போய் உக்காந்தார்.

"ஒரு நாள்கூடக் குடிச்சதில்லையா?"

"கோவம்னா திட்டிடுங்க. இப்படி இருக்காதீங்க."

"கோவமெல்லாம் இல்ல. ஓட்டுறதுக்கு வண்டி இல்லாதவன் விடிகாலையில எந்திரிச்சு என்ன பண்ண? நீ காத்துக்கிட்டு இருப்பியேன்னுதான் எந்திரிச்சேன்."

மன்னிச்சுக்குங்கன்னு சொல்லணும்னு தோணுச்சு. ஆனா, வாயில வந்தது "படகைப் பாக்கலாமா?"ன்னுதான். ஏன் அப்படிக் கேட்டேன்னு இன்னிக்கும் எனக்குப் புரியல. அவரும் எழுந்து வந்து படகைப் பாத்தார். எழுத்தை மட்டும் வாசிக்கல.

மறுநாள் அஞ்சு மணிக்கு நான் முழிச்சப்போ அவரும் முழிச்சுத்தான் கிடந்தார். அசையல.

"டீ?"

"நீயே போட்டுக்கோ. உனக்குத்தான் நல்லா வருமே."

எனக்கும் வீம்பு வந்துடுச்சு. "நீங்க போட்டுத் தந்தாத்தான் எந்திரிப்பேன்"னு போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன். ஆறு ஆச்சு. ஆறரை ஆச்சு. பத்தொன்பது வருஷத்துல முதல் தடவையா வேலைக்கு லேட். சூப்பர்வைசர் கத்தட்டும்னு கிடந்தேன்.

ஏழு மணிக்கு, சுவரைப் பாத்துக்கிட்டே கேட்டார்: "சர்க்கரை எவ்வளவு போடணும்?"