தொண்ணூற்றைந்தாவது நிமிடம்

மட்டக்களப்பு நகரத்து மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் கதிர்காமத்தம்பி முப்பது வருடமாக வில்லை பொருத்துகிறார். அதற்கென்று எங்கும் படித்தவரல்ல. முதலாளி செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தும், கழித்துப்போட்ட வில்லைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்த்தும் பழகியவர். பிறேமுக்குள் வில்லை அரை மில்லிமீற்றர் விலகி உட்கார்ந்தாலும் கழற்றிவிடுவார். "ஆக்களுக்கு விளங்காது, விடுங்க" என்று கடையில் யாராவது சொன்னால், "நாலு நாளையில தலையிடிக்கு விளங்கும்" என்பார்.

அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு பழைய படங்கள். அதிலும் பேர்பெற்ற இயக்குநர்கள் எடுத்து, ஓடாமல்போன படங்கள். ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு வாவிக்கரையிலுள்ள ஒரு வாசிகசாலை மண்டபத்தில் பதினான்கு பேர் கூடிப் படம் பார்ப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை பீற்றிஸ் பதினொரு வருடங்களுக்கு முன் தொடங்கிய வட்டம் அது. காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருக்கும் பஹ்மி, திரைக்கு வெள்ளைத் துணி கொண்டுவருவார். மடிக்கணினியையும் புறொஜெக்ரரையும் இயக்குவது கதிர்காமத்தம்பியின் வேலை. படம் முடிந்ததும் முதலில் பேசுவதும் அவர்தான்.

"ஓடின படத்தில பாதி, சனம் கேட்டது," என்பார். "ஓடாத படத்திலதான் அந்த மனுசன் தனக்கெண்டு என்ன வைச்சிருந்தான் எண்டு தெரியும்."

இதற்கு அவர் எப்போதும் காட்டும் உதாரணம் ஒன்றே ஒன்று. திருமேனிநாதன் என்ற பழைய இயக்குநரின் 'ஏழாம் துறை'. திருமேனிநாதனின் மூன்று படங்களை எல்லோருக்கும் தெரியும்; இதை யாருக்கும் தெரியாது. பிரிந்து போன புருசனின் கடிதத்துக்காகத் துறையொன்றில் நாள்தோறும் வந்து காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. கடைசியில் கடிதம் வருகிறது. அவள் அதைப் பிரிக்காமலே முந்தானையில் முடிந்துகொண்டு படகில் ஏறிப் போய்விடுகிறாள். வெறுந்துறை தெரிகிறது. படம் முடிந்தது.

"கடிதத்தைப் பிரிக்காமப் படத்தை முடிக்க எத்தினை பேருக்கு நெஞ்சுரம் இருக்கு?" என்று கேட்பார். வேறு எந்தப் படத்தின் முடிவையும் அந்த முடிவோடு வைத்தே நிறுப்பார். திருமேனிநாதனின் அறியப்படாத படங்களில் ஐந்தை அவர் பார்த்திருந்தார். கண்ணாடிக் கடைப் பற்றுச்சீட்டுத் துண்டொன்றின் பின்பக்கத்தில் அவற்றை வரிசைப்படுத்தி எழுதி, கடை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் வைத்திருந்தார். 'ஏழாம் துறை' முதலாவது. 1991இல் ஒரேயொரு தடவை பார்த்தது.

இந்த வருடம் பீற்றிஸ் ரீச்சர், தங்கையின் மகனாகிய சென்னைப் பெறாமகன் மூலம் அந்தப் படத்தின் பிரதியொன்றைத் தேடி எடுத்துவிட்டார்.

"இந்த மாசம் உங்கட படம்தான் கதிர்காமத்தம்பி. முன்னுக்குப் பத்து நிமிசம் நீங்க பேசணும்," என்று பென் டிரைவை வியாழக்கிழமை கடையில் கொண்டுவந்து கொடுத்தார். "சத்தம் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்க."

வெள்ளி, பௌர்ணமிப் போயா விடுமுறை. காலைச் சாப்பாடு முடிந்ததும் வீட்டில் போட்டுப் பார்த்தார். சத்தம் தெளிவாயிருந்தது. தொண்ணூற்றைந்தாவது நிமிடத்தில் அவள் கடிதத்தை முடிந்துகொண்டு படகில் ஏறினாள். துறை வெறுமையாகக் கிடந்தது. அவர் எழும்பிக் கணினியை மூடப் போனார்.

படம் முடியவில்லை. அடுத்த காட்சியில் அவள் வீட்டில் விளக்கடியில் இருந்து கடிதத்தைப் பிரித்தாள். புருசனின் குரல் அதை முழுவதுமாக வாசித்தது. பிறகு ஒரு வழக்கு, ஒரு பொய்ச்சாட்சி, கோயில் வாசலில் ஒரு பாட்டு, புருசனின் காலில் விழுந்து அவன் தம்பி அழுவது. முப்பத்தொரு நிமிடம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அவர் தொண்ணூறாவது நிமிடத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை பார்த்தார். அதே முப்பத்தொரு நிமிடம் அதே இடத்தில் இருந்தது.

மனைவி இலட்சுமிப்பிள்ளை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன, படம் சரியில்லையா?"

"படம் சரி. எனக்குத்தான் சரியில்ல," என்றார்.

சனிக்கிழமை கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுச் சைக்கிளில் பாலமீன்மடுவுக்குப் போனார். யோசேப்பு இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். தொண்ணூறுகளில் புளியந்தீவில் ஜெனரேற்றர் போட்டு, வீடியோ டெக்கில் படம் காட்டியவர். 'ஏழாம் துறை' ஓடியது அவருடைய முன்னறையில்தான். யோசேப்பு முற்றத்தில் கதிரை போட்டு, கருவாட்டுக்குக் காகம் விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஆர், கண்ணாடிக்காரத் தம்பியா? என்ர கண்ணாடியைத் திருத்த வீட்டுக்கே வந்திட்டிங்களா?"

"இல்லண்ணன், ஒரு படத்தைப் பற்றிக் கேக்க வந்தன். ஒரு பொம்பிள கடிதத்தோட தோணியில ஏறிப் போவாளே..."

யோசேப்பு கொஞ்சம் யோசித்தார். "ஒம்பது பேர் வந்த படம். எனக்குப் பெற்றோல் காசும் வரல்ல. மறக்கேலுமா?"

"அதில இன்னும் அரைமணித்தியாலம் கிடந்திருக்கண்ணன்."

"ஓம். கிடந்திச்சு." யோசேப்புக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. "அப்ப பாலத்துச் சென்றியில ஆமிக்காரன் அஞ்சு மணிக்குப் பாதையைப் பூட்டுறான். நீங்க எல்லாரும் பாலத்துக்கு அங்கால, கல்லடிப் பக்கம். இரண்டரைக்குப் படத்தைப் போட்டா, நாலே காலுக்குள்ள உங்களை வெளியில எடுக்கணும்."

"மற்றப் படங்களுக்கு 'மிச்சம் நாளைக்கு' எண்டு சொல்லுவிங்களே. இதுக்கு 'முடிஞ்சு, எழும்புங்க' எண்டுதானே சொன்னிங்க."

"பிறகென்ன? அந்த ஒம்பது பேருக்காக அடுத்த நாளும் ஜெனரேற்றர் போடவா? நாளைக்கு ஆள் வராத படத்துக்கு அண்டைக்கே முடிவு." ஒரு காகத்துக்குத் தடியை ஓங்கிவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா சும்மா கண்ட இடத்தில நிப்பாட்டமாட்டன் தம்பி. முதல்நாள் போட்டுப் பார்ப்பன். முடிஞ்ச மாதிரி இருக்கிற இடம் பார்த்து வைப்பன். அவள் தோணியில ஏறினது நல்ல இடம். ஒருத்தனும் சந்தேகப்படல்ல."

"ஓம்," என்றார் கதிர்காமத்தம்பி. "ஒருத்தனும் படல்ல."

"இப்ப என்ன, காசைத் திருப்பித் தரவா?" என்று யோசேப்பு சிரித்தார்.

திரும்பி வரும் வழியில் ஓரிடத்தில் சைக்கிளை நிறுத்தி வாவியைப் பார்த்தபடி நின்றார். பதினொரு வருடமாக வட்டத்தில் அவர் பேசியதெல்லாம் அந்த ஒரு முடிவின்மேல்தான் நின்றது. நாளை கணினி அவர் கையில் இருக்கும். தொண்ணூற்றைந்தாவது நிமிடத்தில் ஒரு விசையை அமத்தினால் போதும். யோசேப்பு செய்ததுதான். பதினாலு பேரில் ஒருவருக்கும் விளங்காது. படமும் அப்படித்தான் நன்றாக இருக்கும். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் வந்திருந்தார்கள். பஹ்மி துணியை இழுத்துக் கட்டிவிட்டு, "தம்பியண்ணன், வெள்ளன பேசி முடிங்க. அந்தக் கடிதத்தப் பதினொரு வருசமாக் கேட்டுட்டம், இண்டைக்குக் கண்ணால பார்ப்பம்," என்றார்.

கதிர்காமத்தம்பி எழும்பினார். பேச எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவில்லை.

"நான் சொன்ன முடிவு இந்தப் படத்தில இல்ல," என்றார். "அந்த இடம் இருக்கு. ஆனா அது முடிவில்ல. அதில முடிச்சது திருமேனிநாதன் இல்ல, பாலமீன்மடு யோசேப்பண்ணன். சென்றி பூட்டமுதல் எங்களை அனுப்புறத்துக்கு. மிச்சத்தை நான் முந்தநாள்தான் பார்த்தன்."

"அப்ப நாங்க இவ்வளவு காலமும் கதைச்சது?" என்று பீற்றிஸ் ரீச்சர் கேட்டார்.

"யோசேப்பண்ணனைப் பற்றி."

பஹ்மிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அல்லாவே! போன வருசம் ஒரு நல்ல படத்த இதச் சொல்லித்தானே தம்பியண்ணன் கிழிச்சிங்க!"

"அந்தப் படத்தையும் திரும்பப் பார்க்கணும்," என்றார் கதிர்காமத்தம்பி. பேச்சு அவ்வளவுதான். விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்.

தொண்ணூற்றைந்தாவது நிமிடம் வந்தபோது பஹ்மி திரையை விட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். கதிர்காமத்தம்பியின் கை முழங்காலில் இருந்தது. படகு போனது. கடிதம் பிரிந்தது. வழக்கு நடந்தது. கோயில் வாசல் பாட்டுக்குப் பின்வரிசையில் யாரோ தாளம் போட்டார்கள். படத்துத் தம்பி காலில் விழுந்தபோது பீற்றிஸ் ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்கட ஆள் எங்களை அழவைச்சிட்டார், கதிர்காமத்தம்பி," என்றார் விளக்குப் போட்டதும். "ஒழுங்காச் சொல்லுங்க, இதை இப்ப எங்க வைக்கிறிங்க? முதலாவதிலயா?"

"படகு போனபிறகு வெறுந்துறைய நாப்பது செக்கன் வைச்சிருக்கார்," என்றார் அவர். "நேற்று மணிக்கூட்டை வைச்சுப் பார்த்தன். அவள் போயிட்டாள் எண்டு காட்ட நாலு செக்கன் காணும். மிச்சம் என்னத்துக்கு?"

"அவருக்கும் அதில முடிக்க விருப்பம் இருந்திருக்கும். முதலாளி விட்டிருக்கமாட்டான்," என்றார் பஹ்மி.

கதிர்காமத்தம்பிக்கு அந்த வார்த்தை இனித்தது. ஓம் என்று சொல்ல வாய் வந்தது.

"அப்படிச் சொல்ல எனக்கு விருப்பம்தான். ஆனா எனக்குத் தெரியாது," என்றார். "நாப்பது செக்கன் மட்டும் தெரியும். இடம் சொல்லேலாது ரீச்சர். முழுசாப் பார்த்து ரெண்டு நாள்தான்."

திங்கள் காலை கடையைத் திறந்ததும் மேசை லாச்சிக்குள்ளிருந்து பழைய துண்டை எடுத்தார். ஐந்து பெயர்களில் 'ஏழாம் துறை'யை முதலாவதிலிருந்து வெட்டி, இலக்கம் போடாமல் அடியில் எழுதினார். மற்ற நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவற்றில் இரண்டு அண்மையில் இணையத்தில் முழுதாகப் பார்த்தவை. மற்ற இரண்டும் யோசேப்பு வீட்டில் பார்த்தவை. இரண்டுக்கும் பத்துப் பேர்கூட வரவில்லை. இரண்டு நாளும் யோசேப்பு கதவடியில் நின்று, "முடிஞ்சு, எழும்புங்க" என்றது அவருக்கு நல்ல ஞாபகம்.

அந்த இரண்டு பெயர்களுக்கும் பக்கத்தில் 'முடிவு பார்க்கவில்லை' என்று எழுதினார். பிறகு பீற்றிஸ் ரீச்சருக்குப் போன் எடுத்து, சென்னைப் பெறாமகனின் இலக்கத்தைக் கேட்டார்.