சோற்றை விட்டவன் ஆமத்தூர் போன கதை

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் காலை ஐந்தரை மணிக்கு மதுரை வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது என்னிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் மூன்று நாளுக்கான துணி. இன்னொன்றில் என் மனைவி கட்டிக் கொடுத்த அவித்த முட்டை நான்கு, வெள்ளரித் துண்டுகள், ஒரு பொட்டலம் வறுத்த கடலை. "துணியை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறந்துடாதீங்க" என்று சொல்லித்தான் வழியனுப்பினாள்.

சோற்றை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. சோறு என்றால் சோறு மட்டுமில்லை. இட்லி, தோசை, சப்பாத்தி, சர்க்கரை எல்லாம்தான். நான் பெயின்ட் கடை வைத்திருப்பவன். காவிரித் தண்ணீரில் விளைந்த பொன்னியை ஐம்பத்து மூன்று வருடம் அலுக்காமல் தின்றவன். எனக்கும் இருக்கிற இதே சர்க்கரை வியாதியால் என் அண்ணனுக்கு இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இது நான்காவது முறை. முதல் முறை ஒரு கல்யாணப் பாயசத்தில் போனது, இரண்டாவது தீபாவளியில், மூன்றாவது சிதம்பரம் போன இடத்தில். ஒரு வேளைதான் நழுவும். பிறகு 'அதான் கெட்டுப்போச்சே' என்று ஒரு மாதம் முழுக்க வெளுத்துக் கட்டுவேன். அதற்கப்புறம் டாக்டர் இருக்கும் தெருவில் நடக்கவே வெட்கமாக இருக்கும். இந்த முறை அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: அடுத்த திங்கட்கிழமை இரத்தப் பரிசோதனை, மறுபடி ஏறியிருந்தால் ஊசிதான்.

இந்த நிலைமையில் ஊர்ப் பயணம் தேவையா என்றால், கடை வாடிக்கையாளர்களுக்கு வருடா வருடம் கொடுக்கும் காலண்டருக்காகத் தேவைப்பட்டது. போன வருடம் தொலைபேசியிலேயே ஆர்டர் சொன்னதில், நான் கேட்ட மஞ்சள் எழுத்து மஞ்சள் நிற முருகன் படத்தின் மேல் விழுந்து, என் கடைப் பெயரை முருகனைத் தவிர யாரும் படிக்க முடியாமல் போனது. "இந்தத் தடவ நேருல வந்து கலர் பாத்துருங்க அண்ணாச்சி. நம்ம வீட்டுலயே தங்கலாம்" என்றார் தங்கப்பாண்டி. அச்சகங்களுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுப்பவர், ஆமத்தூர்க்காரர். பத்து வருடப் பழக்கம் என்றாலும் குரலில்தான் பழக்கம். "சோறு மட்டும் வேண்டாம் தம்பி, சோத்தை விட்டு எட்டு மாசம் ஆச்சு" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அதோடு என் வேலை முடிந்ததாக நினைத்தது என் தப்பு.

பதினொன்றே முக்காலுக்கு மதுரை மாட்டுத்தாவணி. அங்கிருந்து விருதுநகர் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வண்டியில் பக்கத்து இருக்கைக்காரர் மல்லாங்கிணறு பக்கத்து விவசாயி, காலடியில் விதைப்பை. நான் முட்டையை உரிப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தவர், மூன்றாவது முட்டையில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"முட்டைய மட்டும் தின்னா வகுறு எப்படி நெறையும்?"

"நிறையாதுங்க. ஆனா பசிக்காது."

"அது எப்படி?" என்றார். எனக்கும் விளக்கத் தெரியவில்லை. நான்காவது முட்டையை அவருக்குக் கொடுத்தேன், உப்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

விருதுநகரில் இறங்கி சிவகாசி நகரப் பேருந்து பிடித்து ஆமத்தூரில் இறங்கியபோது மணி இரண்டு. ஆவணி மாத வெயில் மண்டையைப் பிளந்தது. தங்கப்பாண்டி மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார். வீட்டில் அவர் மனைவி பாக்கியம், அன்று எனக்காகவே அரை நாள் லீவு போட்டு வந்தவர். சிவகாசி பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை. சீசன் நேரத்தில் அரை நாள் லீவு என்பது சின்ன விஷயமில்லை.

கூடத்தில் இலை போட்டிருந்தது. இலையில் ஒரு பருக்கை சோறு இல்லை, சத்தியம். அதற்குப் பதிலாக இட்லி ஆறு, இடியாப்பம், தேங்காய்ப் பால், கேசரி, உளுந்த வடை, வாழைப்பழம்.

"சாப்பிடுங்கண்ணே. சோத்துப் பானையே அடுப்புல ஏத்தல. கவிச்சிப் பாத்திரத்தையெல்லாம் நேத்தே ஒதுக்கி வச்சுட்டேன். வீடு பூராக் கழுவி விட்டாச்சு, நீங்க மனசு சுணங்க வேண்டியதில்ல" என்றார் பாக்கியம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊர்களில் ஒருவன் சோற்றை விட்டான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம், விரதம். விரதக்காரனுக்குச் சோறு ஆகாது, பலகாரம் ஆகும்; முட்டையும் கறியும் கிட்டவே வரக்கூடாது. நான் தின்னக்கூடிய எல்லாவற்றையும் வீட்டை விட்டே துரத்திவிட்டு, தின்னக்கூடாத எல்லாவற்றையும் அழகாக வரிசை கட்டி வைத்திருந்தார்கள். எட்டு மாத விரதம் என்பதால் மரியாதை வேறு கூடியிருந்தது. எதற்காக நேர்ந்துகொண்டான் என்று விரதக்காரனைக் கேட்கக்கூடாது என்பதால் அவர்களும் கேட்கவில்லை. கழுவிய தரை இன்னும் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தைப் பார்த்த பிறகு 'எனக்கு வியாதிம்மா' என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு இட்லி என்று ஆரம்பித்தேன். கேசரிக்குள் போகும்போது கணக்கு விட்டுப்போயிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திருத்தங்கல். மை வாசனை தெருவுக்கே வந்துவிடுகிற அச்சகம் ஒன்றில் உட்கார்ந்து, அடர் நீலத்தில் பெயர், பக்கத்தில் வெள்ளைக் கோடு என்று முடிவு செய்தேன். வேலை நன்றாக முடிந்தது. மனம்தான் நன்றாக இல்லை. காலையிலும் தோசை நான்கு. 'அதான் கெட்டுப்போச்சே' என்கிற பழைய குரல் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

தங்கப்பாண்டிக்கு வேறு அச்சகத்தில் வேலை இருந்தது. நான் ஊர் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இருபத்தைந்து கிலோமீட்டர் பேருந்தில் விருதுநகர் போனேன். மாலை ஐந்தரைக்கு எண்ணெய்ப் பரோட்டாக் கடை. பெரிய தட்டையான கல், நடுவில் குளம்போல எண்ணெய், அதில் பரோட்டா நீந்தி நீந்திப் பொரிகிறது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. பிய்த்துப் போட்டு மேலே சால்னா. ஒன்று பதினெட்டு ரூபாய். இதைப் பற்றி நான் பொய் சொல்லப் போவதில்லை, அருமையாக இருந்தது.

"இன்னும் ரெண்டு போடவா அண்ணாச்சி?" என்றார் மாஸ்டர்.

"போடுங்க" என்றேன். அதுவும் தீர்ந்து, பக்கத்துக் கடையில் காரச்சேவும் கருப்பட்டி மிட்டாயும் அரைக் கிலோ வீதம் வாங்கினேன், வீட்டுக்கு என்று. பேருந்து ஆமத்தூர் போய்ச் சேருவதற்குள் மிட்டாய்ப் பொட்டலத்தின் மூலை பிரிந்திருந்தது. இறங்கும்போது பாதம் லேசாக மரத்திருந்ததா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றியதா தெரியாது. அண்ணனின் காலை நினைத்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, ஊருக்குக் கிளம்பும் முன் கம்பெனியைக் காட்டுகிறேன் என்று பாக்கியம் அழைத்துப் போனார். முதலாளியிடம் முதல் நாளே அனுமதி வாங்கி வைத்திருந்தார். வாசலில் செல்போன், செருப்பு, இடுப்பு பெல்ட் எல்லாம் பறிமுதல். ஒரு செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுக்கச் சொன்னார்கள். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடுமாம். வெடிமருந்து அறைகளுக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. பாதையில் நின்று பார்க்கலாம்.

நான் ஒரு பெரிய கட்டடத்தை எதிர்பார்த்திருந்தேன். அங்கே இருந்ததோ பொட்டல் காடு முழுக்கச் சிதறிக் கிடந்த சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் நான்கு வாசல், நான்கு பேர். ஒரு அறைக்கும் அடுத்ததற்கும் நடுவே நல்ல தூரம் வெறும் தரை. ஒரு பெண் கையில் சின்ன வாளியோடு அந்த வெயிலில் மெதுவாக நடந்து போனார். அங்கே யாரும் ஓடுவதில்லை.

"ஏம்மா இம்புட்டுத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கீங்க?" என்று கேட்டேன். மூன்று நாளில் அந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டது. "நடக்கவே பாதி நேரம் போயிருமே?"

"போகட்டும்ண்ணே. ஒரு ரூமுல என்னமும் ஆச்சுன்னா அது அந்த ரூமோட நிக்கணும். அடுத்ததுக்குத் தாவக்கூடாது. அதுக்குத்தேன் நடுவுல இம்புட்டு எடமும் சும்மா கெடக்கு."

"ஒண்ணும் ஆகாம கவனமா இருந்தா பத்தாதா?"

"கவனமாத்தேன் இருக்கோம். ஒண்ணுமே ஆகாதுன்னு நம்பிக் கட்டியிருந்தா எல்லா ரூமையும் சேத்துல்ல கட்டியிருப்போம்?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு அது. நான் இரண்டு நாளாகத் தின்றதை வரிசையாக எண்ணிப் பார்த்தேன். என் வேளைகள் எல்லாம் சேர்த்துக் கட்டிய அறைகள். இட்லியில் பிடித்தது தோசைக்குத் தாவி, தோசையிலிருந்து பரோட்டாவுக்குத் தாவி, மிட்டாய்ப் பொட்டலம் வரைக்கும் வந்துவிட்டது. மூன்று முறையும் நான் தோற்றது பாயசத்திடம் இல்லை. பாயசத்துக்கு அடுத்த வேளையிடம் தோற்றிருக்கிறேன்.

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சர்க்கரை, அண்ணனின் விரல்கள், திங்கட்கிழமை, பரோட்டா நான்கு. பாக்கியம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அய்யய்ய, என்னண்ணே நீங்க! ஒரு வார்த்த சொல்லப்படாதா? மக கலியாணத்துக்கு நேந்துருக்கீகன்னுல்ல நாங்க நெனச்சோம்!"

"எனக்கு ரெண்டும் பையன்ம்மா."

"நல்லா வந்தீக போங்க! மூணு நாளா எங்க வீட்டுக்காரவுக ஒரு முட்டையக் கண்ணுல காணாம மூஞ்சியத் தூக்கிக்கிட்டு அலையுறாக!" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு குரல் மாறியது. "அண்ணனுக்கு இப்ப நடக்க முடியுதா?" என்று கேட்டார். முடிகிறது என்றேன். கழுவிய தரைக்காகவும் ஏற்றாத பானைக்காகவும் அவருக்கு நன்றி சொன்னேன். நம் ஆட்களுக்கு நேரில் நன்றி சொன்னால் பிடிக்காது. "அத விடுங்க" என்று நடந்துவிட்டார்.

பாக்கியம் அன்றும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து சமைத்தார். மதியம் ஒரு மணிக்கு மறுபடி இலை. நாட்டுக்கோழிக் குழம்பு, அவித்த முட்டை, கீரை, சுண்டைக்காய், மோர். என் இலையில் அவ்வளவுதான். எதிர் இலையில் தங்கப்பாண்டி மூன்று நாள் பட்டினியைத் தீர்ப்பவர்போல சோற்றுமலையில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, இன்னொரு துண்டு போட்டுக்கிருங்க. உங்க புண்ணியத்துல எனக்கும் கெடைக்குது" என்றார். என் வாழ்க்கையில் எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன். எனக்காக இரண்டு முறை சமையலறையைத் தலைகீழாக மாற்றிய வீடு இது ஒன்றுதான்.

இரண்டரை மணி மதுரைப் பேருந்துக்கு என்னை ஏற்றிவிட இருவரும் வந்தார்கள். பாக்கியம் இரண்டு பைகளை நீட்டினார். ஒன்றில் தூக்குச் சட்டி, அதில் கோழி வறுவலும் ஆறு முட்டையும். இன்னொன்றில் நான் வாங்கிய சேவும் மிட்டாயும், பிரிந்த மூலையைத் திருப்பி மடித்து, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டி.

"இது மதினிக்கும் பிள்ளைகளுக்கும். மேல சாமான் வைக்கிற கம்பில வையுங்க. தூக்கு மட்டும் மடியில இருக்கட்டும்" என்றார். பிறகு அந்தக் கம்பியையும் என் இருக்கையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அங்கன இல்ல, ரெண்டு சீட்டுத் தள்ளி" என்று ஜன்னல் வழியே கையைக் காட்டினார். தள்ளி வைத்தேன்.

எங்கள் ஊர் வீடுகளில் இந்த இடைவெளி கிடையாது. காலைக் காப்பி டிபனில் முடியும், டிபன் சாப்பாட்டில் முடியும், நடுவே வெறும் தரை என்று ஒரு சாண் கூட விடமாட்டோம். திங்கட்கிழமை இரத்தம் என்ன சொல்லப்போகிறதோ, இதை எழுதும் ஞாயிறு வரை தெரியாது. இரண்டு நாள் தின்றது எங்கேயும் போய்விடாது. ஊசி என்றால் ஊசி. டாக்டர் தெருவில் தலை நிமிர்ந்துதான் நடக்கப் போகிறேன்.

மதுரையில் வண்டி மாறி, அதேபோல இரண்டு சீட்டுத் தள்ளி அந்தப் பையை வைத்தேன். மேலூர் தாண்டும்போது பசித்தது. தூக்கைத் திறந்து இரண்டு முட்டை சாப்பிட்டேன். பிறகு மேலே நிமிர்ந்து பார்த்தேன். சணல் கயிற்றோடு பை அங்கேயே இருந்தது, நான் இங்கேயே இருந்தேன்.