ரெண்டு நிமிஷம்

லோக்கல் வண்டியில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ரெண்டு நிமிஷம்’. அந்தப் புறநகர் நிலையத்தில் வெளியூர் வண்டிகள் அவ்வளவு நேரம்தான் நிற்கும். அதை ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லியே அறிவிப்பாளருக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் குளிக்கப் போனால், மகள் கதவைத் தட்டி, “அம்மா, ரெண்டு நிமிஷம் ஆச்சு, வண்டி எடுத்துட்டாங்க” என்பாள்.

பத்தொன்பது வருஷ வேலையில் அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்பதை அச்சடித்து வரும் தாளைப் பார்த்துச் சொல்ல மாட்டார். முந்தைய நிலையத்துக்குப் போன் போட்டு, என்ஜினுக்கு அடுத்து எந்தப் பெட்டி போயிற்று என்று கேட்டுவிட்டுத்தான் மைக்கைத் தொடுவார். அங்கிருந்த மாஸ்டர், வண்டி என்ன தலைகீழாகவா வரும் என்று கிண்டல் செய்வார். வந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ பெட்டி வரிசை மாறி வரும். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் கேட்டார்.

மகளுக்கு வெளியூரில் முதல் வேலை கிடைத்தது. மறுநாள் காலையில் சேர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. அவள் ஏறவேண்டிய இரவு ஒன்பதரை மணி வண்டி அம்மாவின் நிலையத்திலேயே நிற்கும். பெட்டி வரிசையை அறிவித்த கையோடு ஓடிப்போய் வழியனுப்பிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். முந்தைய நிலையத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். அன்று மட்டும் தாளைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாடி அறையிலிருந்து இறங்கினார்.

பாதிப் படியில் இருந்தபோது வண்டி உள்ளே வந்தது. என்ஜினுக்கு அடுத்து, கடைசியில் வரவேண்டிய பெட்டி.

நடைமேடை மொத்தமும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட ஆரம்பித்தது. கைக்குழந்தைக்காரிகள், பெட்டி தூக்கியவர்கள், முட்டி வலிக்காரர்கள். நெரிசலில் மகளின் பச்சைப் பை ஒருகணம் தெரிந்து மறைந்தது. நாலு எட்டில் அவளைப் பிடித்துவிடலாம். அவர் திரும்பிப் படியேறினார்.

முதலில் தன் நிலைய மாஸ்டருக்குப் போன். “சார், வரிசையைத் தப்பாச் சொல்லிட்டேன். நான் சொல்ற வரைக்கும் வண்டியை விடாதீங்க.” பிறகு மைக்கில், குரல் துளியும் நடுங்காமல்: “யாரும் ஓட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பெட்டியில் ஏறுங்கள். உள்ளே நடந்து உங்கள் இடத்துக்குப் போகலாம். வண்டி நிற்கும்.”

மூன்று முறை சொன்னார். ஓட்டம் நடையானது. ஜன்னல் வழியே பார்த்து, நடைமேடை காலியான பின்பே மாஸ்டரிடம் சரி என்றார். ஆறு நிமிடம் நின்றது வண்டி. நடைமேடையில் ஒருவரும் மிச்சமில்லை. மகள் ஏறியதை மட்டும் அவர் கண்ணால் பார்க்கவில்லை.

புகார்ப் புத்தகத்தை எடுத்து, போனில் கேட்காமல் அறிவித்தது தன் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டார். முந்தைய நிலையத்தார் போன் எடுக்காததைப் பற்றி ஒரு வரி இல்லை.

பேனாவை மூடும்போது போன் அடித்தது.

“ஏறிட்டியாடி?”

“பக்கத்துல இருக்கிற பெட்டின்னு நீதானே சொன்னே? சமையல் பெட்டில ஏறிட்டேன். மூட்டை மேல உக்கார வெச்சு டீ குடுத்திருக்காங்க.” ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “டாட்டா காட்ட வருவேன்னு பார்த்தேன்” என்றாள்.

“வந்தேன்டி. பாதிப் படி வரைக்கும் வந்தேன்.”

“தெரியும். மைக்குல உனக்கு மூச்சு வாங்குச்சு.”